மாமா அனுப்பிய அரிவாள் வீடியோ

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். மாமனாருக்கு வயது 71. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். இப்போது பகலெல்லாம் டிவி விவாதம், மற்ற நேரமெல்லாம் போன். போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அரை நிமிஷ வீடியோ ஒன்றைப் போட்டார். ராத்திரி நேரம், ரோட்டோரத்தில் ஒருவரை நாலைந்து பேர் அரிவாளால் வெட்டுகிறார்கள், ஒரே அலறல். பின்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஆட்டோ நிற்கிறது. ‘நேற்று இரவு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நடந்தது, டிவியில் காட்ட மாட்டார்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தது. கொழுந்தனார் வேறு கட்சிக்காரர். அவருக்கும் மாமாவுக்கும் குரூப்பிலேயே சண்டை முற்றி, பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. என் மகள் ஐந்து ரோடு பக்கம் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போய் இரவு ஏழரைக்கு பஸ் ஏறுகிறாள். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்கிறார் மாமா. எனக்கும் அந்த அலறல் காதிலேயே நிற்கிறது, தூக்கம் இல்லை. இந்த மாதிரி வீடியோ உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாமாவிடம் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது? செய்தி பார்ப்பதையே விட்டுவிடலாமா?
– அம்மாப்பேட்டை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்திலேயே ஒரு பெரிய தடயம் இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமான ஆட்டோ. நம் ஊரில் ஓடும் பெட்ரோல், கேஸ் ஆட்டோக்கள் மஞ்சள் நிறம். பச்சை உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஓடுபவை பெங்களூரு, டெல்லி ஆட்டோக்கள். ஆகவே அந்த வீடியோ சேலத்தில் எடுத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ஆட்டோ ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று தடயங்கள் ஒரே ஊரைக் காட்டினால்தான் நம்பலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று முதலில் சொல்கிறேன். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

வீடியோவைத் திறக்கும் முன் போனின் ஒலியை முழுவதும் நிறுத்துங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காட்சியைவிட அந்த அலறல்தான். தவிர, ஒலியை வேறொரு வீடியோவில் இருந்து எடுத்து ஒட்டுவது மிகச் சுலபம். அதனால் சாட்சியாக அதற்கு மதிப்பு குறைவு. பிறகு வெட்டுகிற ஆட்களைப் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கடைப் பலகை என்ன எழுத்தில் இருக்கிறது? தெலுங்கு, கன்னட எழுத்துகள் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒரு சொல்லாவது தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எழுத்தெல்லாம் வலம் இடம் மாறித் தெரிந்தால், தேடலில் சிக்காமல் இருக்க யாரோ வீடியோவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வண்டி எண் தெரிந்தால் நல்லது. சேலம் நகரத்தில் டிஎன் 27, 30, 54, 90 அதிகம் கண்ணில் படும். பஸ் ஸ்டாண்டு என்றால் வெளியூர் வண்டிகளும் வரும் என்பது உண்மைதான். ஆனால் தெரிகிற வண்டி எதிலுமே டிஎன் இல்லை என்றால் அது நம் ஊர் பஸ் ஸ்டாண்டு இல்லை.

அடுத்தது காலம். ‘நேற்று’ என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. நம் ஊரே அதற்கு நல்ல அளவுகோல். ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. பழைய பஸ் ஸ்டாண்டின் ஈரடுக்குக் கட்டடம் 2023-இல் திறக்கப்பட்டது. ‘ஐந்து ரோட்டில் இன்று’ என்று வருகிற வீடியோவில் மேம்பாலத்தின் தூண்கூடத் தெரியவில்லை என்றால், அது பல வருடம் பழையது, அல்லது வேறு ஊர். புதுப்பித்த அரசு வெளியூர் பஸ்கள் மஞ்சள் நிறத்தில் வரத் தொடங்கியது 2023 ஆகஸ்டில்தான். மஞ்சள் பஸ் நின்றால் வீடியோ அதற்கு முந்தையது இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

காலத்தைப் பார்ப்பதில் இரண்டு இடங்களில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, போனில் பதிவாகும் கோப்பின் பெயர். அதில் வருடம், மாதம், தேதி வரிசையாக இருக்கும். அது வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்த தேதி, எடுத்த தேதி இல்லை. எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களை வாட்ஸ்அப் அனுப்பும்போதே நீக்கிவிடுகிறது. இரண்டாவது, சிசிடிவி காட்சியின் மூலையில் ஓடும் மணி. பல கடைகளில் பதிவுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து போயிருக்கும். ஒருமுறை கரண்ட் போய் வந்தால் தேதி எங்கோ பின்னால் போய்விடும், யாரும் சரிசெய்வதில்லை. அதனால் மூலையில் பழைய தேதி இருப்பதை வைத்துப் பொய் என்றும், நேற்றைய தேதி இருப்பதை வைத்து மெய் என்றும் சொல்லிவிட முடியாது. மணி விடாமல் ஓடுகிறதா, நடுவில் தாவுகிறதா என்று பாருங்கள். தாவினால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

இனி தேடல். பின்னணி தெளிவாகத் தெரிகிற மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே எழுதிய வாசகம், மூலையில் உள்ள முத்திரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கட்டடமோ பலகையோ வண்டியோ மட்டும் இருக்கும்படி விடுங்கள். திருப்பிப் போட்ட வீடியோ என்றால் கேலரியில் படத்தை மறுபடி நேராக்கிக் கொள்ளுங்கள். கூகுள் செயலியில் கேமரா குறியைத் தொட்டு அந்தப் படத்தைக் கொடுத்தால் அதே காட்சி வேறு எங்கெங்கே வந்திருக்கிறது என்று காட்டும். வந்தவற்றில் முதலில் தெரிவதை எடுத்துக்கொள்ளாமல் மிகப் பழையதைத் தேடுங்கள். நேற்று நடந்ததாகச் சொன்ன காட்சி போன வருடமே வந்திருந்தால் வேலை முடிந்தது. படத்தில் ஒன்றும் சிக்காவிட்டால் சொற்களால் தேடுங்கள். ஊர் பெயரை மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சை ஆட்டோவைப் பார்த்ததால் ‘பெங்களூரு’ என்று போட்டுத் தேடுவதுதான் முதல் வேலை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று மட்டும்தான் பொருள். அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் தவறு படித்தவர்களிடமும் இருக்கிறது.

ஏஐ வீடியோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கூகுளின் வியோ 3 கருவி 2025 மே மாதம் வந்த பிறகு, காட்சியோடு பேச்சும் அலறலும் சேர்த்தே செய்துவிட முடிகிறது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் சில வினாடித் துண்டுகளாகச் செய்கின்றன. அதனால் நீளமான வீடியோவில் சில வினாடிக்கு ஒருமுறை கோணம் மாறும், ஆள் சட்டையின் நிறம் மாறும், பின்னால் நின்ற வண்டி காணாமல் போகும். தமிழ் எழுத்தில் இன்னும் அதிகம் தடுமாறுகின்றன. கடைப் பலகையில் தமிழ் போலத் தெரிகிற, ஆனால் படிக்க முடியாத கிறுக்கல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கூகுள் கருவியில் செய்த படமா என்று ஜெமினி செயலியில் படத்தைக் கொடுத்தே கேட்கலாம். சின்த்ஐடி என்ற மறைகுறி இருந்தால் அது சொல்லிவிடும். இல்லை என்று சொன்னால், வேறு நிறுவனத்தின் கருவியில் செய்திருக்கலாம். இந்தக் குறைகளெல்லாம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன. கண்ணை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்கிற காலம் முடியப் போகிறது. ஆனாலும் உங்களைக் கலங்க வைக்கும் வீடியோக்களில் பெரும்பகுதி ஏஐ செய்தவை இல்லை. எங்கோ எப்போதோ உண்மையாக நடந்தவற்றின் மேல் நம் ஊர் பெயரை ஒட்டியவை. அதற்கு ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

அதனால் படத்தோடு நிற்காமல், செய்தி நடந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். சேலத்தில் இது சுலபம். புது பஸ் ஸ்டாண்டு பள்ளப்பட்டி காவல் நிலைய எல்லை. அங்கே ஒரு கொலை நடந்தால் வழக்குப் பதிவாகும், உடல் அரசு மருத்துவமனைக்குப் போகும், சொந்தக்காரர்கள் கூடுவார்கள். காலைக்கதிர், தினத்தந்தி, இந்து தமிழ் திசை இவற்றின் சேலம் பக்கங்களில் மறுநாளே காவல் நிலையத்தின் பெயரோடு வந்துவிடும். மூன்றிலும் இரண்டு நாளாக ஒரு வரிகூட இல்லை என்றால், ‘டிவியில் காட்ட மாட்டார்கள்’ என்ற வாசகம் எதற்காக எழுதப்பட்டது என்பது புரியும். நீங்கள் சரிபார்க்காமல் இருப்பதற்காகத்தான். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் பொதுமக்கள் சேவை இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு கொடுத்துப் பார்க்கலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகள் மட்டும் அதில் வராது. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சேலம் மாநகரம் காவல் ஆணையரின் கீழ் வருகிறது. ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் எல்லாம் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ். இடம் மாறினால் தேட வேண்டிய பட்டியலும் மாறும்.

மலையைப் பற்றிய வீடியோக்களுக்கும் இதே முறைதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது உண்மை. அந்தப் படங்களையே அடுத்த மழைக்கும் ‘இன்று’ என்று அனுப்பிவிட முடியும். சேலத்தில் இருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. எந்த வளைவு என்று சொல்லாமல் வருகிற சரிவுப் படத்தை நம்பிப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை, போலீஸ் சோதனைச் சாவடியில் கேட்டால் போதும்.

இவ்வளவு சிரமம் ஏன் என்று தோன்றலாம். 2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக ஊரெங்கும் ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வருபவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் 2016-இல் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு ஒரு பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று சொல்லி ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். மிட்டாய் கொடுத்த பாட்டியை அடித்துக் கொன்றவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பீகார் முழுக்க வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அப்போதைய காவல்துறைத் தலைவரே விளக்க வேண்டி வந்தது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள், இன்று நீங்கள் தூங்காமல் இருப்பது போலத்தான் அங்கே தூங்காமல் இருந்திருப்பார்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு, மக்களிடம் பீதியையோ பகையையோ கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ‘எழுதியது நான் இல்லை, அனுப்பியதுதான் நான்’ என்பது பெரிய காப்பு இல்லை. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்தவர் முன்ஜாமீன் கேட்ட வழக்கில், பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும் வீடியோ என்றால், அது உண்மையாகவே இருந்தாலும் பகிர்வது தனிக் குற்றம். இதையெல்லாம் மாமாவைப் பயமுறுத்தப் பயன்படுத்தாதீர்கள். போலீஸ் பேரைச் சொல்லி மிரட்டப்பட்ட பெரியவர் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் அனுப்புவார்.

மாமாவிடம் குரூப்பில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஐம்பது சொந்தக்காரர்கள் முன்னால் மருமகள் ‘இது பொய்’ என்று எழுதினால், வீடியோ விஷயம் மறந்துபோய் மானம் விஷயமாகிவிடும். சாயங்காலம் காபி கொடுக்கும்போது போனைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: ‘மாமா, இந்த வீடியோவுல பின்னாடி நிக்கிற ஆட்டோ பச்சையா இருக்கே, நம்ம ஊர்ல இப்படி ஓடுதுங்களா? புது பஸ் ஸ்டாண்டுல இது எந்தப் பக்கம் மாமா?’ ஆயுள் முழுக்க பஸ்ஸில் போனவர் அவர். எந்தத் தடத்துக்கு எந்த பஸ், எந்த டெப்போ வண்டிக்கு என்ன எண், எந்தக் கடை எப்போது வந்தது என்று உங்கள் வீட்டில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? சேலம் கோட்டத்து அரசு பஸ் என்றால் ‘டிஎன் 30 என்’ வரிசை என்பதை அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இறங்கிவிட மாட்டார். டிக்கெட் கணக்கு எழுதிய வே பில்லை வாங்கிப் பார்ப்பார், டிக்கெட்டை எண்ணுவார், ஆளை எண்ணுவார். வீடியோவையும் அப்படிச் செக் பண்ணச் சொல்லுங்கள். குறை சொல்லப் போனால் கோபப்படுகிற பெரியவர்கள், உதவி என்று கேட்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இது நடிப்பு இல்லை, அவர் உதவி உங்களுக்கு உண்மையிலேயே தேவை.

அவரே தப்பு என்று கண்டுபிடித்தால், அவரே நீக்கட்டும். அனுப்பியதிலிருந்து 2 நாள் 12 மணி நேரத்துக்குள் என்றால் எல்லோருடைய போனில் இருந்தும் அழிக்கலாம். அது தாண்டிவிட்டதால், குரூப் அட்மினால் அழிக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் ‘நான் போட்ட வீடியோ சேலம் இல்லை, நம்ப வேண்டாம்’ என்று அவர் கையாலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த வரிக்கு அழிப்பதைவிட மதிப்பு அதிகம். இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி, எழுதியவரிடம் இருந்து குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பதையும் காட்டிக்கொடுங்கள். அம்பு இல்லாமல் வந்தால் நேரில் பார்த்தவர் அனுப்பியது என்று அர்த்தமில்லை. இறக்கி வைத்துக்கொண்டு புதிதாக அனுப்பினாலும் அம்பு வராது.

கொழுந்தனார் சண்டைக்கு வருகிறேன். ஊரே தெரியாத ஒரு வெட்டுக்கு, எந்த ஆட்சி காரணம் என்று இருவரும் அடித்துக்கொண்டார்கள். இடமும் நாளும் தெரியாமல் பொறுப்பு யாருடையது என்று பேசவே முடியாது. அது பெங்களூரில் நடந்திருந்தால் சேலத்தில் யார் பதில் சொல்வது? அரசியல் பேச வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் ஒழுங்கைப் பற்றி ஆள்பவர்களைக் கேள்வி கேட்பது குடிமக்களின் உரிமை, அதை வீட்டுத் திண்ணையில் பேசத்தான் வேண்டும். ‘எங்கே, எப்போது, எந்த ஸ்டேஷன்’ என்று மூன்றும் தெரிந்த செய்திக்கு மட்டும்தான் சண்டை போடுவது என்று உங்கள் வீட்டுக்காரர் இருவருக்கும் பொதுவாகச் சொல்லட்டும். அவர் சொன்னால் தம்பியும் கேட்பார், அப்பாவும் கேட்பார். நீங்கள் நடுவில் போக வேண்டாம்.

உங்கள் மகளின் வகுப்பை நிறுத்தாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். இவற்றில் 9,962-க்குக் காரணம் தகராறு, 3,761-க்கு முன்பகை, 1,884-க்கு ஆதாயம். பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் நடப்பவை, வகுப்பு முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணைத் தேடி வருபவை அல்ல. ஆனால் அவளுக்கு வேறு தொல்லைகள் உண்டு, அவை நிஜம். பஸ்ஸில் சீண்டல், ஆள் இல்லாத நிறுத்தம், எரியாத தெருவிளக்கு. இதையெல்லாம் அந்த வீடியோ மறைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். வகுப்பு வாசலில் இருந்து நிறுத்தம் வரை ஒருநாள் இருட்டிய பிறகு நீங்களே அவளோடு நடந்து பாருங்கள். விளக்கு எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்து மாநகராட்சியில் புகார் கொடுங்கள். எந்த பஸ் தவறினால் அடுத்தது எப்போது, பழைய பஸ் ஸ்டாண்டில் மாறினால் எது சீக்கிரம் என்று தாத்தாவைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவர் பயத்துக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. 112, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் அவள் போனில் இருக்கட்டும்.

செய்தியை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். காலையில் பேப்பர், மாலையில் ஒரு செய்தி அறிக்கை போதும். இரவு விவாதங்களில் புதிய தகவல் எதுவும் வருவதில்லை, குரல்தான் உயரும். சொந்தக்காரர்கள் குரூப்பை மியூட் செய்யுங்கள், வெளியேற வேண்டாம், கல்யாணப் பத்திரிகை அதில்தான் வரும். வாட்ஸ்அப் அமைப்பில் சேமிப்பு, டேட்டா பகுதிக்குப் போய் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இறங்கியிருக்கிற அந்த வீடியோவை, ஆட்டோ தெரிகிற ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் மாமாவிடம் காட்ட வைத்துக்கொண்டு, இன்றைக்கே அழித்துவிடுங்கள். கேலரியின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை கிடக்கும், அங்கேயும் போய் அழியுங்கள். மகள் ஏழரைக்கு பஸ் ஏறும்போது வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்கு அனுப்பட்டும். உங்களுக்கு மட்டும் வேண்டாம், தாத்தாவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பஸ் எந்த ஸ்டேஜைத் தாண்டுகிறது என்று அவரே பார்த்துச் சொல்வார்.